ஸ்கேன் டேபிளில் படுப்பதற்கு முன்

வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் 16 வருடமாக சி.டி. (எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் படம்), எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் எடுக்கும் படம்) எடுக்கும் டெக்னீஷியன் நான். குடியாத்தம், ஆற்காடு, போளூர் பக்கமிருந்து டாக்டர் சீட்டோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சார், ரெண்டுல எது நல்ல ஸ்கேன்? காசு கூட ஆனாலும் பரவாயில்ல." எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தேடுவது என்ன என்பதில் பாதி உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். சீட்டு எழுதுகிற டாக்டரிடமும் படம் எடுக்கிற எங்களிடமும் என்ன சொல்ல வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். நாளைக்கு 800 பீடி சுற்றிய கை, ஒரு வருடத்தில் 300-க்கு இறங்கியது. வயசாச்சு, கண் மங்குது என்று விட்டுவிட்டோம். பிறகு நடக்கும்போது கால் பின்னியது. டாக்டரிடம் அம்மா சொன்னது, "இடுப்பு வலிக்குது, காலில் பலமில்ல" என்று மட்டும். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். எடுத்தது நானேதான். இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருந்தது. அதுதான் காரணம் என்று எல்லோரும் நம்பி, ஏழு மாதம் பெல்ட்டும் பிசியோதெரபியுமாகப் போனது.

வேறொரு நரம்பு டாக்டர்தான், "என்ன வேலம்மா பாக்குறீங்க?" என்று கேட்டார். பீடி என்றதும், "நூல் கட்ட வருதா?" என்றார். அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "ஜாக்கெட் கொக்கியே மாட்ட வரல சாமி" என்றார். சுத்தியலால் முட்டியில் தட்டியதும் கால் துள்ளி எழுந்தது. கையும் காலும் சேர்ந்து கெட்டால் கோளாறு கழுத்தில் இருக்கலாம் என்று அன்றே கழுத்துக்குப் படம் எடுத்தோம். ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே தண்டுவடம் நசுங்கி, அந்த இடத்தில் தண்டுவடத்துக்குள்ளேயே வெள்ளையாக ஒரு தடம் தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நடை திரும்பிவிட்டது. விரல் முழுதாகத் திரும்பவில்லை. இடுப்புப் படம் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட இடத்தைக் காட்டியது, அவ்வளவுதான்.

அதனால் முதுகு, கால் பிரச்சினை என்று போகிறவர்கள் கையைப் பற்றியும் சொல்லுங்கள். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, சாதம் பிசையும்போது தடுமாறுகிறதா, செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறீர்களா? இரவில் காய்ச்சல், உடம்பு இளைப்பது, முன்பு டி.பி. மாத்திரை சாப்பிட்டது, இதையும் விடாதீர்கள். முதுகெலும்பு டி.பி. நம் பக்கத்தில் அரிதில்லை. சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிடும். சிறுநீர் நின்றுவிட்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, தலைக்கு வருவோம். பெங்களூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, வாந்தி, மயக்கம் என்றால் சி.டி.தான். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். புது ரத்தக்கசிவு வெள்ளையாகத் தெரியும், எலும்பு விரிசலும் தெரியும். பெரியவர்களுக்குப் புத்தி தடுமாறுகிறது, தலைவலிக்கிறது என்றால், மூன்று நான்கு வாரத்துக்கு முன்பு பாத்ரூமில் வழுக்கியதைக்கூடச் சொல்லுங்கள். மெதுவாகத் தேங்கிய ரத்தம் அவ்வளவு நாள் கழித்தும் வேலையைக் காட்டும்.

பக்கவாதத்துக்கும் பெரும்பாலும் முதலில் சி.டி.தான். "கை தூக்க வரல, படம் நார்மல்னு சொல்றீங்களே" என்று இங்கே சண்டைக்கு வருவார்கள். ரத்தக்குழாய் அடைத்த முதல் சில மணி நேரத்தில் சி.டி. நார்மலாகத் தெரியலாம். மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் படம். கசிவு இல்லையென்றால், அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். அந்த ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. ஆகவே கூட வருகிறவர் நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். ராத்திரி 10 மணிக்கு நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவர் காலை 5 மணிக்கு வாய் கோணி எழுந்தால், கணக்கு 10 மணியிலிருந்துதான் தொடங்கும். அடைப்பை அடையாளம் காண எம்.ஆர்.ஐ. கூர்மையானது. நேரம் கடந்து வருகிறவர்களில் யாருக்கு இன்னும் வைத்தியம் பலிக்கும் என்று பார்க்கவும் அது உதவும்.

வலிப்புக்கு வேலூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இந்தியாவில் முதல் நரம்பு அறுவைசிகிச்சைத் துறையை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி சி.எம்.சி. மருத்துவமனையில் தொடங்கினார். அதே துறையினர் 1980-களில், வலிப்பு வந்தவர்களின் சி.டி.யில் தெரிந்த ஒற்றைச் சிறு புள்ளிகளை ஆராய்ந்தார்கள். அதுவரை அவற்றை டி.பி. கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவந்தார்கள். எடுத்துச் சோதித்தபோது பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியதால் வந்தவை. எனவே 'மூளையில் புள்ளி' என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் கேன்சர் என்று அழ வேண்டாம். 2 சென்டிமீட்டருக்குக் குறைவான பல புள்ளிகள் தானாகவே சுருங்கிவிடும். சில மாதம் கழித்து மறுபடம் எடுக்கச் சொல்வது அதைப் பார்க்கத்தான். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

இனி எம்.ஆர்.ஐ. அறைக்குள் வருவது. அந்த மெஷினே இரும்பை இழுக்கும் பெரிய காந்தம், ராத்திரியும் அணைவதில்லை. நம் பெண்களிடம் நான் தினமும் தேடுவது தாலிச் சரடில் மாட்டியிருக்கும் ஊக்குகளை. தாலியைக் கழற்றி வைத்தவர்கூட, ஜாக்கெட்டுக்குள் இரண்டு ஊக்கு இருப்பதை மறந்திருப்பார். போன மாதம் ஒரு பாட்டியிடம் "எல்லாம் எடுத்தாச்சா பாட்டி?" என்று மூன்று முறை கேட்டும் ஆச்சு என்றார். கையில் பிடித்துச் சோதிக்கும் காந்தத்தை வைத்துப் பார்த்தபோது, முந்தானை முடிச்சுக்குள் ஊக்கும் சில்லறையும் இருந்தன. தாலிக்குப் பதில் வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வாருங்கள், மனசும் ஆறும். மெட்டி, மூக்குத்தி, அரைஞாணில் தொங்கும் தாயத்து, பல் செட், காது மெஷின், ஹேர்பின் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் வெல்டிங், கிரைண்டிங் செய்கிறவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். பேஸ்மேக்கர், மூளையில் போட்ட கிளிப், உள்ளே வைத்த பிளேட், எதுவானாலும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவாருங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தையும் மறைக்க வேண்டாம்.

உள்ளே 20 முதல் 40 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். டமடமவென்று தட்டும் சத்தம் வரும். காதில் அடைப்பான் வைப்போம், எங்களைக் கூப்பிட அழுத்துவதற்குக் கையில் ஒரு பந்து கொடுப்போம். இருமல் இருந்தால் முன்பே சொல்லுங்கள். கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) எழுதியிருந்தால் கிரியாட்டினின் என்ற கிட்னி ரத்தப் பரிசோதனை ரிசல்ட், அலர்ஜி விவரம், சர்க்கரை மாத்திரைப் பெயர் தேவை.

குழந்தை கட்டிலிலிருந்து லேசாக விழுந்ததற்கெல்லாம் சி.டி. எடுங்கள் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒரு தலை சி.டி.யின் கதிர்வீச்சு, இயற்கையாகவே ஓராண்டில் நம்மேல் படும் அளவுக்கு ஏறக்குறைய சமம். டாக்டர் தேவை என்றால் தயங்காமல் எடுங்கள். வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டை வாசலிலேயே பிரித்து, 'டிஸ்க் பல்ஜ்' என்ற வார்த்தையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். 1994-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், 52 சதவீதம் பேருக்குப் பல்ஜ் இருந்தது. நரை மாதிரி அது. உங்கள் வலி இறங்கும் இடமும் படத்தில் நசுங்கிய நரம்பும் ஒன்றுதானா என்று உங்களைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும்.

பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய படத்தில் தெரிவது கூடியதா குறைந்ததா என்று பழையது இருந்தால்தான் சொல்ல முடியும். வேலூர் வெயிலில் ஃபிலிமை பைக் டேங்க் மேல் வைத்து எடுத்துப்போனால் கறுத்துவிடும். மடித்தால் கோடு விழும். அம்மாவின் கழுத்துப் படங்கள் பீரோவில் புடவைகளுக்கு அடியில், உறையின் மேல் தேதி எழுதிப் படுக்கையாக இருக்கின்றன. செக்கப்புக்குக் கிளம்பும் நாளில் அம்மா செருப்பு போடுவதற்கு முன்பே, "அந்தக் கவர் எடுத்துக்கிட்டியாடா?" என்று கேட்டுவிடுகிறார்.