அவங்க பையை அவங்களே அடுக்கட்டும், நீங்க புக்கை எடுங்க

பசங்களுக்கு ஆறேழு வயசு ஆயிடுச்சுன்னா முதல்ல ஸ்கூல் பையை அவங்க கையில விடுங்க, டைம்டேபிளை பீரோ கதவுல ஒட்டி வச்சா போதும், ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி பாத்து அடுக்கிக்குவாங்க. ஒரு நாள் கணக்கு நோட்டை மறந்துட்டு போவாங்க, போகட்டும், நீங்க ஸ்கூட்டியை எடுத்துட்டு பின்னாடியே ஓடாதீங்க, அங்கதான் நாம எல்லாரும் சொதப்புறோம் (நானும் ரெண்டு தடவை ஓடியிருக்கேன்!). மிஸ் கேட்டா "மறந்துட்டேன் மிஸ்"னு அவங்களே சொல்லட்டும்.

அப்புறம் கடை. தெருமுனை அண்ணாச்சி கடைக்கு நூறு ரூபா குடுத்து, என்ன வாங்கணும், மீதி எவ்வளவு வரணும்னு முன்னாடியே கேளுங்க. மொதல்ல நீங்க வாசல்ல நின்னு பாருங்க, போகப்போக வேணாம்.

இதுல மிச்சமாகுற அரைமணி நேரத்துல பாத்திரம் தேய்க்க போயிடாதீங்க ப்ளீஸ். நான் டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கு, அதான் அரசு வேலைக்கான பரீட்சைக்கு, படிக்கிறேன், 200 கேள்வில 100 தமிழ்தான், அதுல 40 சதவீதம் எடுக்கலைன்னா மீதி பேப்பரை திருத்தவே மாட்டாங்க, அதனால தினமும் பத்து இலக்கண கேள்வி. "அம்மா படிக்கிறா, எட்டு மணிக்கு வா"ன்னு சொன்னா மொத வாரம் அழுவாங்க, அப்புறம் அவங்களே கடிகாரம் பாக்க கத்துக்குவாங்க. மாமியார் ஏதாவது சொல்லுவாங்க, சொல்லட்டும்.