ஸ்கூட்டருக்குப் பூட்டு வாங்கும்போது நாம் சொதப்பும் இடங்கள்

"அதான் சைடு லாக் இருக்கே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். போதாதுங்க. சைடு லாக் என்பது ஹேண்டில் தண்டுக்குள் ஒரு சின்னக் கம்பி போய்ச் செருகிக்கொள்ளும் ஏற்பாடு, அவ்வளவுதான். கொஞ்சம் உடல் பலம் உள்ள ஆள் ஹேண்டிலை வெடுக்கென்று திருப்பினால் அது விட்டுக்கொடுத்துவிடும். சாவித் துவாரத்தை மூடும் காந்த ஷட்டர் நல்ல விஷயம்தான், ஆனால் அது காப்பது துவாரத்தை, வண்டியை அல்ல. புது மாடல்களில் ஸ்மார்ட் கீ வருகிறதே என்றால், அது இல்லாமல் எஞ்சின் கிளம்பாது, சரி. வண்டியைக் கொண்டுபோக எஞ்சின் எதற்கு?

யோசித்துப் பாருங்கள். ஒருவன் வண்டியில் உட்கார்ந்திருக்கிறான், பின்னால் பைக்கில் வருகிறவன் ஒரு காலை நீட்டித் தள்ளிக்கொண்டே போகிறான். நம் ஊர் ரோட்டில் தினம் பார்க்கிற காட்சி. பெட்ரோல் தீர்ந்துபோச்சு போல, பாவம் என்று நாமே வழிவிடுவோம். இன்னொரு வழி, அப்படியே தூக்கிக் குட்டியானையில் ஏற்றிவிடுவது. ஆக்டிவா மாதிரியான ஸ்கூட்டர் சுமார் 105 கிலோ, மூன்று பேருக்கு அது ஒரு பீரோவைத் தூக்குவதைவிடச் சுலபம். ஆக, பூட்டு செய்யவேண்டிய வேலை இரண்டு: சக்கரம் உருளக்கூடாது, முடிந்தால் வண்டி நகராத ஒரு பொருளோடு கட்டுண்டு கிடக்கவேண்டும். இதை மனதில் வைக்காமல் கடைக்குப் போய் "நல்ல செயின் லாக் ஒன்னு குடுங்கண்ணே" என்று கேட்டால், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்குவதை எடுத்துக் கொடுப்பார்.

அப்படித் தொங்குவது பெரும்பாலும் கேபிள் லாக். கட்டைவிரல் தடிமனுக்கு, கறுப்பாக, பாம்பு மாதிரி சுருண்டு, பார்க்க மிரட்டலாக இருக்கும். அந்தத் தடிமனில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறை. உள்ளே இருப்பது மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்த கயிறு, நல்ல வெட்டுக் குறடு ஒன்று இருந்தால் ஒவ்வொரு இழையாகக் கடித்து முடித்துவிடலாம். கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். 10 மில்லிமீட்டர் கன இரும்புச் சங்கிலி ஒரு மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். தடியாகத் தெரிந்து லேசாக இருந்தால் உள்ளே காற்றும் பிளாஸ்டிக்கும்தான். கேபிளை ஹெல்மெட்டைக் கட்டிவைக்க வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது போதும்.

சரி, சங்கிலி என்றே வைத்துக்கொண்டாலும், கோயில் வாசல் இரும்புக் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் சாதா சங்கிலியும், இதற்கென்றே கடினப்படுத்திய எஃகுச் சங்கிலியும் ஒன்றல்ல. அரத்தை வைத்து உரசினால் சாதா இரும்பில் பற்கள் பதிந்து தூள் கொட்டும், கடினப்படுத்திய எஃகில் அரம் வழுக்கும். கடைக்காரர் உரசிப் பார்க்க விடமாட்டார்தான், அதனால் கேட்டு வாங்குங்கள், வீட்டில் வந்து ஓர் ஓரத்தில் உரசிப் பாருங்கள். அப்புறம், அவ்வளவு நல்ல சங்கிலியை வாங்கி அதில் அஞ்சறைப் பெட்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு குட்டிப் பூட்டைத் தொங்கவிடுபவர்களை என்ன சொல்ல? திருடன் சங்கிலியை ஏன் தொடப்போகிறான்? பூட்டின் வளைவுக்கம்பியும் சங்கிலியின் கனத்துக்கு ஈடாக இருக்கவேண்டும். அதோடு அந்த வளைவில் குறடு நுழைய இடமில்லாத அளவுக்கு நெருக்கமாக இருந்தால் இன்னும் நல்லது.

பெட்டியில் 'ஹை செக்யூரிட்டி' என்றும் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்றும் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம், அது பெரும்பாலும் கம்பெனி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மார்க். வெளியார் சோதித்துத் தரும் முத்திரைகள் உண்டு. பிரிட்டனின் சோல்ட் செக்யூர், நெதர்லாந்தின் ஏ.ஆர்.டி. இரண்டும் இறக்குமதிப் பூட்டுகளில் காணப்படும். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சோல்ட் செக்யூர் சைக்கிளுக்குத் தனியாகவும் மோட்டார் வண்டிக்குத் தனியாகவும் தரம் பிரிக்கிறது. சைக்கிளுக்கு 'கோல்டு' வாங்கிய பூட்டு மோட்டார் வண்டிக்கும் கோல்டு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

சாவியையும் பாருங்கள். குழாய் மாதிரி உருண்டையான சாவி பார்க்க நவீனமாக இருக்கும். 2004-இல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் என்ற பிரபல கம்பெனியின் அந்த வகைப் பூட்டுகளைச் சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை வைத்தே திறந்துகாட்டி வீடியோ போட்டார்கள். கம்பெனி பூட்டுகளைத் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுக்கவேண்டியதாயிற்று. இப்போது வருவதெல்லாம் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் விலை மலிவான உருண்டைச் சாவிப் பூட்டு என்றால் நான் தொடமாட்டேன். நம்பர் லாக்கும் அப்படித்தான். மூன்று இலக்கம் என்றால் மொத்தமே 1000 சேர்க்கை, அதிலும் நம் ஆட்கள் வைப்பது 786 இல்லையென்றால் 111.

டிஸ்க் லாக், அதாவது பிரேக் டிஸ்க்கின் துளையில் ஊசியைச் செருகிப் பூட்டுவது, சின்னதாக டிக்கியில் கிடக்கும், எடுத்துப் போட ஐந்து விநாடி, அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் வாங்கிவந்த பிறகுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது, தன் வண்டியில் டிஸ்க்கே இல்லை, டிரம் பிரேக்தான் என்று. டிஸ்க் இருந்தாலும் அதன் துளைகள் சின்னவை. 10 மில்லிமீட்டர் ஊசி உள்ள பூட்டு நுழையாமல் போகலாம், 6 அல்லது 7 தேவைப்படலாம், வண்டியைக் கடைக்கே ஓட்டிக்கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவதுதான் வழி. டிஸ்க் லாக் உருள்வதை மட்டும்தான் தடுக்கும், தூக்குவதை அல்ல. கத்துகிற அலாரம் வைத்தது வேண்டுமென்றால் வாங்குங்கள், பொத்தான் பேட்டரியை நேரத்துக்கு மாற்றினால்தான் அது கத்தும். எங்கள் தெருவில் ஒன்று பூனை ஏறினால்கூடக் கத்தும், இப்போதெல்லாம் யாரும் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

இதில் எல்லோரும் ஒருதடவையாவது செய்கிற தவறு, பூட்டை எடுக்காமல் கிளம்புவது. நானும் செய்தேன். காய்கறிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகினேன், அரைச் சுற்றில் பூட்டு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் போய் முட்டி, முன்சக்கரம் நின்று, வண்டியும் நானும் தக்காளியும் ரோட்டில். பூட்டோடு ஒரு சுருள் கயிறு தருவார்கள், ஹேண்டிலில் மாட்டி ஞாபகப்படுத்த. அசிங்கமாக இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வாங்குவதைவிடப் போடுவதில்தான் அதிகம் கோட்டைவிடுகிறோம். சங்கிலியை முன்சக்கரத்தில் போடுவது சுலபம், ஆனால் முன்சக்கரத்தை ஒரு நட்டைக் கழற்றினாலே எடுத்துவிடலாம். பின்சக்கரத்தைக் கழற்ற சைலன்ஸரை அவிழ்க்கவேண்டும், அதனால் பின்சக்கரம்தான் சரியான இடம். சிக்கல் என்னவென்றால் இரும்பு ரிம்மில் ஓட்டைகள் சின்னவை, தடித்த சங்கிலி நுழையாது. இதையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். சங்கிலி தரையில் தொளதொளவென்று கிடக்கக்கூடாது. தரையில் கிடந்தால் குறடின் ஒரு கையைத் தரையில் ஊன்றி மறு கையின்மேல் முழு உடம்பு எடையையும் போடலாம். இறுக்கமாக, தரையைத் தொடாமல் இருந்தால் அந்த வசதி அவனுக்கு இல்லை.

எதோடு கட்டுகிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பி.வி.சி. குழாயோடு வண்டியைக் கட்டி நிம்மதியாகத் தூங்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட் கம்பியோடு கட்டினால், அந்தக் கேட்டையே கீலிலிருந்து தூக்கி எடுக்கமுடியுமா என்று ஒருதரம் ஆட்டிப் பாருங்கள். தூணில் ஓர் இரும்பு வளையத்தைப் பதிக்க ஹவுஸ் ஓனர் சம்மதித்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. சம்மதிக்கவில்லையா, வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் இரண்டின் பின்சக்கரங்களையும் ஒரே சங்கிலியில் கோத்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்துத் தூக்க ஆள் வேண்டுமே.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை நிறுத்துங்கள். அன்றைக்குச் சாவி வழுக்கிக்கொண்டு போகும், ஒரு மாதத்தில் தூசி ஒட்டிப் பிசினாகி இறுகிவிடும். பென்சில் கரியைத் தூளாக்கிப் போட்டாலே போதும். சாவித் துவாரம் கீழே பார்க்கிற மாதிரி பூட்டினால் மழைத் தண்ணீர் தேங்காது.

இரும்பை அறுக்கும் பேட்டரி கிரைண்டரோடு வருகிறவனிடம் எந்தப் பூட்டும் ரொம்ப நேரம் நிற்காது, அதனால் பாலிசியையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கானது) கட்டாயம். இதை வைத்துக்கொண்டு 'அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு' என்று இருந்துவிடுகிறோம். திருட்டுக்குப் பணம் தருவது ஓன் டேமேஜ், அதாவது நம் சொந்த வண்டிக்கான பகுதி, அது பெரும்பாலும் ஒரே வருடத்துக்குத்தான் போட்டிருப்பார்கள், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவேண்டும். திருடு போனால் வண்டியின் இரண்டு சாவியையும் கேட்பார்கள், ஆகவே மாற்றுச் சாவியை டிக்கியில் வைக்கும் ஆசாமியாக இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். இதையெல்லாம் அந்தத் தக்காளி விழுந்த அன்று சாயங்காலம்தான் நானும் எடுத்துப் பார்த்தேன். என்னுடையது முடிந்து 14 மாதம் ஆகியிருந்தது.