குடிநீர்க் குழாயில் சென்சார் மாட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஓடும் நீரை அளக்கும் ஃப்ளோ மீட்டர், குழாயின் அழுத்தத்தைப் பதிந்து வைக்கும் அழுத்த லாகர், தொட்டி மட்டம் காட்டும் சென்சார் என்று மாட்டுவதற்கு இளைஞர்கள் பலர் இப்போது ராமநாதபுரம் கடலோர ஊர்களுக்கு வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் நாங்கள் தொழில் பழகிய காலத்தில் நடந்த அதே தவறுகள் திரும்ப நடப்பதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. ஒயரை மாற்றிக் கொடுப்பது, பேட்டரியை மறப்பது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காலிக் குழாயின் கணக்கை நம்புவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். மின்காந்த ஃப்ளோ மீட்டர், குழாய் நிறைய நீர் ஓடினால்தான் சரியாகக் காட்டும். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுக்கும் தண்ணீரை இங்கே கடைக்கோடி ஊர்களுக்கு முறை வைத்துத்தான் விடுகிறார்கள். மற்ற நேரம் குழாய் வடிந்து கிடக்கும். வால்வைத் திறந்ததும் முதலில் காற்று வரும், அப்புறம் காற்றும் நீருமாக வரும். பாதிக் குழாயில் ஓடும் நீரையும் முழுக் குழாய் என்றே மீட்டர் கணக்கிடும். சக்கரம் சுற்றும் மீட்டர் வெறும் காற்றுக்கே சுற்றும்.

தொண்டிப் பக்கம் ஓர் ஊரில் மீட்டரை மேட்டில், குழாயில் தங்கும் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். மீட்டர் காட்டிய அளவு தொட்டிக்கு வந்து சேரவில்லை. கசிவு என்று முடிவுகட்டி ரோட்டைத் தோண்டினார்கள். ஈரமே இல்லை, நன்றாக இருந்த ஜாயின்ட்தான் உடைந்தது. அது சரியாகும்வரை ஊர்ப் பெண்கள் காசு கொடுத்து வண்டித் தண்ணீர் வாங்கினார்கள். “முதல்ல காத்துதான் சார் வரும்” என்று டேங்க் ஆபரேட்டர் முன்பே சொல்லியிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

மீட்டரைத் தாழ்வான இடத்திலோ, நீர் மேலேறும் செங்குத்துக் குழாயிலோ வையுங்கள். அதற்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் 5 மடங்காவது நேர்க்குழாய் இருக்கட்டும். காலிக் குழாயைக் கண்டறியும் வசதி மீட்டரில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். பக்கத்திலேயே ஓர் அழுத்த லாகரும் வேண்டும்; அழுத்தம் ஏறாத நேரத்துக் கணக்கைத் தள்ளிவிடலாம். நள்ளிரவில் ஓடும் நீரை வைத்துக் கசிவைக் கணிக்கும் முறை, எந்நேரமும் குழாயில் நீர் நிற்கும் ஊர்களுக்கானது. இங்கே அதை எடுத்துவராதீர்கள்.

உப்பை அளக்காமல் விடுவது

குழாய் காலியாக இருக்கும்போது, வெளியே நிற்கும் உவர்நீர் விரிசல் வழியாக உள்ளே புகும். நீரில் உப்பு கூடினால் மின்கடத்துத்திறனும் கூடும்; அதை அளக்கும் சென்சார் வைத்துப் பாருங்கள். தண்ணீர் திறந்த கொஞ்ச நேரம் அளவு எகிறிப் பிறகு இறங்கினால், வரும் வழியில் ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கரையில் உப்பே நமக்குத் துப்புச் சொல்லும். உவர்நீர் புகும் வழியில் சாக்கடையும் புகும் என்பதால், அந்தத் தெருவில் எஞ்சிய குளோரின் (கிருமி கொல்லக் கலந்ததில் நீரில் மீதி நிற்பது) லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடல்காற்று

பாம்பனில் சென்சார் கருவிகளை வைக்கும் இரும்புப் பெட்டி துருப்பிடித்துவிடும், நிற்காது. ஃபைபர் பெட்டி போடுங்கள்.

தொட்டி சென்சார்

ஒலியை அனுப்பி நீர்மட்டம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாருக்கு மிக அருகில் வந்துவிட்ட நீர் தெரியாது. இடைவெளி விட்டு, நீர் விழும் குழாயிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

எச்சரிக்கை யாருக்குப் போகிறது?

ஆபீசில் இருப்பவருக்கு மட்டும் குறுஞ்செய்தி போனால் வால்வை மூட ஆள் இருக்காது. டேங்க் ஆபரேட்டரின் எண்ணை முதலில் சேருங்கள்.