தண்ணீரில் கரைந்தால் போதுமா? சிலாஜித் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு தம்பி கையில் சிலாஜித் பிசின் இருந்த கண்ணாடி டப்பாவோடு வந்தார். "அண்ணே, வீடியோல சொன்ன மாதிரியே தண்ணில போட்டுப் பார்த்தேன், முழுசா கரைஞ்சிடுச்சு. ஒரிஜினல்தானே?" என்றார். ஒரு காலத்தில் நானும் இதையேதான் நம்பினேன்.

அளவு மீறக்கூடாது, பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் டப்பாவிலேயே போட்டிருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

பெயர்க் குழப்பம்

சிலாஜித், சிலாசத்து என்று பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் பொருள் வேறு. சித்த மருந்தில் கற்பூர சிலாசத்து என்பது ஜிப்சம், வெளிறிய கல். இமயமலை, அல்தாய் மலைப் பாறை இடுக்குகளில் கோடை வெயிலுக்குக் கசியும் கரும்பிசின்தான் சிலாஜித். கன்மதம் என்றும் சொல்வார்கள். வைத்தியர் எழுதிய சீட்டைக் காட்டி வாங்குங்கள். காதில் விழுந்ததை வைத்துக் கேட்டால் கல்லைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

வீட்டுச் சோதனையை நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்குவதில்லை. வெளியூர் வியாபாரி ஒருவரிடம் 2 கிலோ வாங்கினேன். வெந்நீரில் கரைந்தது; அடியில் மண் தங்கவில்லை. கைச்சூட்டில் இளகியது, ஃப்ரிட்ஜில் வைத்தால் கண்ணாடி போல உடைந்தது. கோமிய வாசனையும் இருந்தது. வேறென்ன வேண்டும் என்று ஏழு பேருக்கு விற்றுவிட்டேன்.

எட்டாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. "ஈயம் எவ்வளவு இருக்குன்னு பார்த்தீங்களா?" என்றார். சென்னை லேபுக்கு அனுப்பினேன். வரம்பைத் தாண்டி ஈயம் இருந்தது. ஏழு வீட்டுக்கும் நானே போய்ப் பணத்தைக் கொடுத்து டப்பாவைத் திரும்ப வாங்கினேன். அதில் ஒரு வீட்டில் பாலூட்டும் தாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசலில் நின்றது எனக்கு மறக்காது. வியாபாரி அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை.

ஈயம் கலந்திருப்பது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தண்ணீர் சோதனை போலியைக்கூடப் பிடிக்காது. சிலாஜித்தில் இருப்பவை பெரும்பாலும் செடிகொடிகள் மட்கி உண்டாகும் ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்கள். நம் நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அந்தப் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் ஹியூமிக் அமிலம் எடுத்து உரமாக விற்கிறார்கள். பண்ருட்டியில் என் மாமா முந்திரித் தோப்புக்கு வாங்கி வைத்திருந்ததில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கறுகறுவென்று முழுசாகக் கரைந்தது. ஆகவே 'ஃபுல்விக் 80%' என்று லேபிளில் இருப்பதாலேயே அது மலையிலிருந்து வந்ததாக ஆகிவிடாது.

கேட்க வேண்டியது லேப் ரிப்போர்ட். அதிலுள்ள பேட்ச் எண்ணும் டப்பாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. ஆயுர்வேத மருந்துகளுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் எல்லை இது. 'பாஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு உலோகத்துக்கும் எண் வேண்டும். அந்தத் தம்பியின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பேட்ச் எண்ணே இல்லை.

சுத்தி செய்யாத சரக்கு

'மலையிலிருந்து அப்படியே' என்பதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். அப்படியே வருவதில் மண்ணும் கல்லும் இருக்கும், பூஞ்சையும் இருக்கலாம். திரிபலா கஷாயத்தில் கரைத்து, வடிகட்டி, வெயிலில் சுண்டவைத்து எடுப்பதுதான் வழிவழியாக வந்த முறை.

கூடவே கொள்ளு ரசம்

உடம்பு இளைக்க இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. சிலாஜித் எடுக்கும்போது கொள்ளு கூடாது என்கிறது பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை.

சர்க்கரை மாத்திரையோடு

டாக்டரிடம் சொல்லாமல் வேண்டாம்.

இளகினால் போலி என்று வீசுவது

புதுச்சேரி மே மாத வெயிலில் நல்ல பிசினும் இளகும்.

ஈரக் கரண்டி

கூடாது.