புது புரோகிராமிங் மொழிக்கு எக்ஸ்டென்ஷன் தேர்ந்தெடுப்பது எப்படி

சொந்தமாக ஒரு மொழி எழுதுகிறீர்களா? முதல் ஆள் அதில் கோட் எழுதுவதற்கு முன்பே எக்ஸ்டென்ஷனை, அதாவது ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகளை, முடிவு செய்துவிடுங்கள். அப்புறம் மாற்றப் போனால் எடிட்டர் பிளகின், பில்ட் ஸ்கிரிப்ட், டாக்குமென்டேஷன், மற்றவர்கள் எழுதி வைத்த ஃபைல்கள் என்று ஒவ்வொன்றாகப் போய்த் தொட வேண்டியிருக்கும்.

ஒற்றை எழுத்துக்கு ஆசைப்படாதீர்கள். ‘.எம்’ ஒன்றையே ஆப்ஜெக்டிவ்-சி, மேட்லேப், மெர்குரி என்ற மூன்று மொழிகளும் வைத்திருக்கின்றன. இரண்டு எழுத்திலும் நெரிசல்தான். ‘.டிஎஸ்’ டைப்ஸ்கிரிப்டுக்கும் உண்டு, எம்பெக் வீடியோவுக்கும் உண்டு, க்யூடி மொழிபெயர்ப்பு ஃபைலுக்கும் உண்டு. ‘.பிஎல்’ பெர்ல் மொழியா புரோலாக் மொழியா என்பது பெயரைப் பார்த்தால் தெரியாது, அதனால் கோட் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், மொழியைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் லிங்விஸ்ட் என்ற கருவி ஃபைலுக்குள்ளே போய் பெர்லின் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ இருக்கிறதா, புரோலாகின் ‘:-’ குறி இருக்கிறதா என்று தேடி ஊகிக்கிறது. ஊகம் தப்பினால் உங்கள் பயனர்தான் ‘எந்த ஃபைல் எந்த மொழி’ என்று சொல்ல உதவும் கிட்ஆட்ரிப்யூட்ஸ் என்ற அமைப்பு ஃபைலில் ஒரு வரி சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். அந்த வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால் மூன்று முதல் ஐந்து எழுத்து, முடிந்தால் மொழியின் பெயரே. டாஸ் காலத்து மூன்றெழுத்துக் கட்டுப்பாடு போய்விட்டது, ‘.ஜாவா’, ‘.ஸ்விஃப்ட்’ யாருக்கும் தொந்தரவு தரவில்லை. மொழியின் பெயரே மாறலாம் என்று தோன்றினால் முதலில் அதை முடியுங்கள். 2019-இல் பெர்ல் 6 ராக்கு ஆனபோது ‘.ராக்கு’ என்ற புது எக்ஸ்டென்ஷனும் கூடவே வந்தது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை மட்டும் நம்பவே கூடாது. எக்ஸ்டென்ஷனில் சின்ன ‘சி’ போட்டால் சி மொழி, பெரிய ‘சி’ போட்டால் சி++ என்று ஜிசிசி கம்பைலர் பிரித்துப் பார்க்கும், ஆனால் விண்டோஸிலும் மேக்கிலும் ஃபைல் சிஸ்டம் வழக்கமாக இரண்டையும் ஒரே பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும். சி++ ஆட்கள் ‘.சிபிபி’, ‘.சிசி’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

இன்னொரு சின்ன விஷயம்: பைத்தான் ஃபைலின் ‘.பிஒய்’ பராகுவேயின் இணைய டொமைனும்கூட, ரஸ்ட் ஃபைலின் ‘.ஆர்எஸ்’ செர்பியாவுடையது. சில சாட் செயலிகளில் ஃபைல் பெயரை அடித்தால் அது லிங்க்காக மாறிவிடும்.

பெயர் பிடித்துவிட்டதா? சரி, லிங்விஸ்டின் மொழிப் பட்டியலில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள், கிட்ஹப் கோட் சர்ச்சிலும் போட்டுப் பாருங்கள். பரவலாகப் புழங்காத மொழியை லிங்விஸ்ட் சேர்த்துக்கொள்ளாது. அதுவரை கிட்ஆட்ரிப்யூட்ஸில் உங்கள் எக்ஸ்டென்ஷனைச் சின்டாக்ஸ் ஒத்துப்போகிற வேறொரு மொழியோடு இணைத்து வைத்தால் கோட் கலராகத் தெரியும்.