பித்தளை இடியப்ப உரல் இறுகினால் என்ன செய்யலாம்?

இடியப்பம் பிழியும்போது உரல் இறுகினால் எல்லாரும் முதலில் மாவைத்தான் குறை சொல்வார்கள், பல நேரம் அது சரியும்தான். ஆனாலும் அடுத்த முறை மா குழைக்க முதல், கழுவிக் காயவைத்த உரலை வெறுமையாக ஒருக்கால் அமுக்கிப் பாருங்கள். வெறும் உரலிலேயே உலக்கை எங்கேயாவது பிடித்தால் பிழை பித்தளையில். தடையில்லாமல் அடிவரை இறங்கினால் மாவைப் பாருங்கள்: தண்ணீர் நன்றாகக் கொதித்திருக்காது, அல்லது அரிதட்டில் அரிக்காத கட்டி கிடக்கும்.

சரி, பித்தளைதான் என்று வைப்போம். உலக்கையைக் கால்வாசி திருப்பி மறுபடி இறக்குங்கள். பிடிக்கிற இடமும் கூடவே திரும்பினால் உலக்கையில் நெளிவு, திரும்பாமல் அதே பக்கத்திலேயே நின்றால் குழாயில். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க விளக்குக் கரியை உலக்கையைச் சுற்றி மெல்லிசாகப் பூசி ஒருமுறை இறக்கி எடுங்கள், கரி உரிந்து பித்தளை பளிச்சென்று தெரிகிற புள்ளிதான் உரசுகிற இடம். அந்தப் புள்ளியை மட்டும் மிக நைசான சாண்ட் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, திரும்பக் கரி பூசிப் பார்த்து, இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். அரத்தை எடுத்துச் சுற்றிவர ராவிவிடாதீர்கள், குறைத்த பித்தளையைத் திரும்ப வைக்க முடியாது, பிறகு அந்த இடைவெளியால் மா மேலே ஏறும். தேய்த்த பொடி போகும்வரை நன்றாகக் கழுவுங்கள்.

ஆனால் தேய்க்க முதல் இதைப் பாருங்கள். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்திலுக்குள் வெள்ளை படிகிறதே, அதேதான் உரலிலும் அச்சுத்தட்டு உட்காருகிற விளிம்பிலும் படியும். தட்டு கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாலே ஓரத்தால் மா பிதுங்கும். பழப்புளியோ தேசிக்காயோ போட்டுத் தேய்த்தால் வெள்ளையும் போகும், பச்சைக் களிம்பும் போகும். களிம்பு பிடித்த உரலில் பிழிந்து சாப்பிடவே கூடாது. ஓட்டை அடைத்திருந்தால் ஊறவைத்து ஈர்க்கால் குத்துங்கள், ஆணி வேண்டாம், ஓட்டை பெருத்தால் இழை தடிக்கும்.

சூட்டில் பித்தளை பெருத்து இறுகுகிறது என்று சொல்வார்கள். 5 சென்ரிமீற்றர் அகலப் பித்தளை 50 பாகை சூடேறினாலும் சுமார் 0.05 மில்லிமீற்றர்தான் விரியும், அதுவும் குழாயும் உலக்கையும் சேர்ந்தே விரியும், அதனால் பெரும்பாலும் காரணம் அது இல்லை. மர உலக்கை என்றால் கதை வேறு, ஊறிய மரம் உண்மையிலேயே பெருக்கும். அதைத் தண்ணீரில் போட்டு வைக்காமல் கழுவிய கையோடு துடைத்து நிழலில் காயவிடுங்கள்.

மா மேலே ஏறுகிறதா? உரல் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். வாழையிலையை நெருப்பில் வாட்டி, குழாய் அளவுக்கு வட்டமாக வெட்டி, மாவுக்கு மேலே வைத்து அமுக்குங்கள். பழைய உரலுக்கு இதைவிட லேசான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வெடிப்பு விழுந்திருந்தால் மட்டும் வயர் ஒட்டுகிற சோல்டரால் ஒட்டவே வேண்டாம். அதில் ஈயம் கலந்திருக்கலாம், சுடுமாவோடு அது பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகும். அப்படியான உரலைச் சமையலுக்கு எடுக்காமல் விட்டு, வேறு ஒன்று வாங்குங்கள்.