அரசுப் பள்ளிக்குப் புதிய வகுப்பறை: தீர்மானம் முதல் பணி ஆணை வரை

ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் புதிய கட்டடம் கேட்கப் புறப்படுவோர் முதலில் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கச் செல்கிறார்கள். அதற்கு முன்பே பார்க்க வேண்டியவை பள்ளி நிலத்தின் பட்டாவும் புல வரைபடமும்தான். தானமாகக் கிடைத்த இடத்தின் பட்டா இன்னமும் கொடுத்தவரின் வாரிசுகள் பெயரிலேயே இருந்தால், ஒதுக்கிய நிதியும் வேறு ஊருக்குப் போய்விடக்கூடும்.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே இக்குழுவுக்கு அளித்திருக்கிறது. தீர்மானத்தில் ‘கட்டடம் பழுது’ என்று பொதுவாக எழுதாமல், மூன்றாம் வகுப்பு அறையின் கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி இரண்டடி நீளத்துக்குத் தெரிகிறது, 34 குழந்தைகள் வராந்தாவில் அமர்கிறார்கள் என்று கண்டதை அப்படியே எழுதிப் புகைப்படங்களை இணையுங்கள். தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பும்போதே, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒரு படி கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கிராம சபையிலும் இதே தீர்மானத்தை நிறைவேற்றுவது நல்லது.

பழைய கட்டடம் ஆபத்தானதென்றால், பொறியாளரின் சான்று பெற்று அதை இடிக்கச் சொல்வதில் தயக்கமே கூடாது. 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் பள்ளிச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்ததை நாம் மறக்கலாகாது.

நிதிக்குப் பல வழிகள் உண்டு. 2022-23 நிதிநிலை அறிக்கையில் ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் என அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் முதன்மையானது. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடியும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடியும் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த வேண்டும். அதாவது 15 லட்ச ரூபாய்ப் பணிக்கு 5 லட்சம். ஊரில் பிறந்து வெளியூரில் சம்பாதிப்பவர்கள் இருந்தால் இது எட்டாத தொகையன்று.

பிறகு ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று கோப்பு நகரும். மதிப்பீடு கையெழுத்தாகும் முன்பே அதை வாங்கிப் படித்து, கழிப்பறை, குடிநீர், சாய்தளம் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கள் ஊரில் சாய்தளம் விடுபட்டதை யாரும் கவனிக்கவில்லை. புதிய கட்டடத்தின் நான்கு படிகளிலும் ஒரு சிறுமியைச் சக்கர நாற்காலியோடு இருவர் தினமும் தூக்கி ஏற்றுகிறார்கள்.